வெற்றிடம் செய்யும் வேலை: வாயுவை உணரும் நுண்துளைச் சட்டகங்கள்

2025 ஒக்தோபர் 8ஆம் திகதி இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்து சுசுமு கிடகாவா, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்து றிச்சர்ட் றொப்சன், அமெரிக்காவின் பேர்க்லியில் இருக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஒமர் யாகி. இந்த மூன்றாவது பெயர்தான் நம்மவர்களின் கைத்தொலைபேசிகளில் இரண்டு மூன்று நாள் ஓடித் திரிந்தது. ஜோர்தானின் அம்மான் நகரில், பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில் 1965இல் பிறந்தவர் என்றதும் 'மாஷா அல்லாஹ்' சொல்லாதவர் குறைவு. நானும் சொன்னேன். சந்தோசப்பட வேண்டிய விசயம்தான். ஆனால் "அந்த மனிசன் என்னத்தைக் கண்டுபிடிச்சாராம்?" என்று கேட்ட ஒருவரை அந்த வாரம் முழுக்க நான் சந்திக்கவில்லை.

இது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஜாபிர் இப்னு ஹய்யான், இப்னு ஹைஸம், இப்னு சீனா என்று மேடையில் வரிசையாகச் சொல்வோம். அவர்கள் செய்த வேலை என்ன என்று கேட்டால், 'இரசாயனவியலின் தந்தை', 'ஒளியியலின் தந்தை' என்ற பட்டத்தோடு பேச்சு நின்றுவிடும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைக் கைவிட்ட சமூகத்துக்கு அந்தப் பெயராலும் பெரிய பயன் வராது.

ஆகவே இந்தக் கட்டுரையில் யாகியும் மற்ற இருவரும் தொடக்கி வைத்த வேலையைச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் கிளைகள் பல. நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: வாயு வந்து புகுந்ததும் தன் மின்னியல்பையோ காந்த இயல்பையோ மாற்றிக்கொள்கிற நுண்துளைப் பொருட்கள். தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு விசயத்தைத் தமிழில் விளங்கச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதும் தமிழ் ஆசிரியனின் வேலைதானே.

மூக்கு கைவிடும் இடங்கள்

இந்தப் பொருட்கள் ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். மலக்குழி துப்புரவாக்க இறங்கினவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கினவரும் மௌத்தானார் என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்காதவர் நம்மில் இல்லை. அந்தக் குழிகளில் தேங்கி நிற்கும் நச்சு வாயுக்களில் முக்கியமானது ஐதரசன் சல்பைட்டு. கூழ்முட்டை வாடை என்போமே, அதுதான். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் அளவு கூடி பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போகிறது. வாடை இல்லையே, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குகிற நேரத்தில்தான் ஆள் விழுகிறது.

காபனோரொட்சைட்டின் கதை இதைவிட மோசம். நிறமில்லை, மணமில்லை. பூட்டிய அறைக்குள் கரியடுப்பு எரிந்தாலும் ஜெனரேற்றர் ஓடினாலும் இது சேரும். நம் குருதியில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் இந்த வாயுவை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஒட்சிசன் உடம்புக்குப் போய்ச் சேராது. சமையல் வாயுவை எடுத்தாலும் அதற்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகக் கந்தகச் சேர்வை ஒன்றைத் துளியளவு கலந்து அனுப்புகிறார்கள். நாம் முகர்ந்து பார்த்து "கேஸ் மணக்குது" என்பது அந்தக் கலவையைத்தான்.

மூக்கால் முடியாததைச் செய்ய மனிதன் கருவி செய்தான். ஜப்பானில் நவோயொஷி தகுச்சி என்பவர் 1962இல், வெள்ளீய ஒட்சைட்டால் ஆன வாயு உணரிக்குக் காப்புரிமை கோரினார். வெள்ளீய ஒட்சைட்டைச் சூடாக்கி வைத்தால், எரியக்கூடிய வாயு மேலே படும்போது அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை அளந்து மணியை அடிக்கச் செய்யலாம். இன்று கடைகளில் விற்கும் பல வாயு எச்சரிக்கைக் கருவிகளுக்கு உள்ளே இருப்பது இந்த வழிதான். ஆனால் இரண்டு குறை. ஒன்று, பாகை செல்சியசில் சில நூறுகளுக்குச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் தொடர்ந்து வேணும். இரண்டு, எந்த வாயு என்று சரியாகப் பிரித்துச் சொல்லாது. மதுசாரத்தின் ஆவிக்கும் கத்தும், கேசுக்கும் கத்தும்.

சூடாக்காமல், அறை வெப்பநிலையிலேயே, இன்ன வாயுதான் என்று இனங்கண்டு சொல்லும் ஒரு பொருள் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் கையில் எடுத்த பொருட்களில் ஒன்றுதான் உலோக-சேதனச் சட்டகம்.

பந்தலும் சட்டகமும்

கலியாண வீட்டுப் பந்தலை நினைத்துப் பாருங்கள். கம்புகள் இருக்கும்; கம்பும் கம்பும் சேரும் இடத்தில் கட்டு இருக்கும். கட்டு எத்தனை கம்பை எந்தத் திசைகளில் பிடிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பந்தலின் உருவம். உலோக-சேதனச் சட்டகத்தில் கட்டின் இடத்தில் உலோக அயன்கள்: செம்பு, நிக்கல், கோபோற்று, நாகம் போன்றவை. கம்பின் இடத்தில் சேதன மூலக்கூறுகள், அதாவது காபனை முதுகெலும்பாகக் கொண்டவை. இரண்டையும் கரைசலில் கலந்தால் அவை தாமாகவே ஒழுங்காகக் கோத்துக்கொண்டு பளிங்காக வளர்கின்றன. பந்தலின் பயன் கம்பில் இல்லை, கம்புகளுக்கு நடுவே சனம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. இந்தப் பளிங்கின் பயனும் அப்படித்தான்; அதன் நடுவே விடப்பட்ட வெற்றிடத்தில்.

இந்த யோசனை பிறந்த இடம் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். 1974இல் றொப்சன் மாணவர்களுக்கு மூலக்கூறுகளை விளக்க மரப்பந்துகளால் மாதிரி செய்ய வேண்டியிருந்தது. பந்து அணு, பந்துகளை இணைக்கும் குச்சி பிணைப்பு. குச்சி செருக எங்கெங்கே துளை போட வேண்டும் என்று அவர்தான் பட்டறைக்குக் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்துக் கொடுத்த பிறகு அவருக்கு ஒன்று பட்டது. துளைகள் சரியான இடத்தில் இருந்தால் மாதிரி தன்பாட்டில் சரியான உருவத்துக்கு வந்துவிடுகிறது. உருவத்தைப் பற்றிய அத்தனை தகவலும் துளையின் இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் மரப்பந்துக்குப் பதிலாக உண்மையான அயனையும் மூலக்கூறையும் வைத்து ஏன் கட்டக் கூடாது? ஒவ்வொரு வருடமும் அந்த மாதிரிகளை வகுப்புக்கு எடுக்கும்போது இந்த எண்ணம் திரும்பி வந்தது. பத்து வருடத்துக்குப் பிறகே செய்து பார்க்கத் தொடங்கினார். 1989இல், செம்பு அயன்களையும் நான்கு கைகளுள்ள ஒரு மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே பெரிய வெற்றிடங்கள் கொண்ட பளிங்கை அறிவித்தார்.

ஆனால் அவருடைய சட்டகங்கள் உறுதியற்றவை. உள்ளே நிற்கும் திரவத்தை வெளியேற்றினால் இடிந்து விழக்கூடியவை. 1997இல் கிடகாவா, திரவம் போய்க் காய்ந்த பிறகும் இடியாமல் நின்று, மெதேன், நைதரசன், ஒட்சிசன் ஆகிய வாயுக்களை உள்ளே எடுத்துத் திரும்ப விடக்கூடிய சட்டகத்தைச் செய்து காட்டினார். 'உலோக-சேதனச் சட்டகம்' என்ற பெயரை 1995இல் வழங்கியவர் யாகி. 1999இல் அவர் அறிவித்த எம்.ஓ.எப்.-5 என்ற நாகச் சட்டகம், வெறுமையாக இருக்கும்போதே 300 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினாலும் குலையாதது. அதன் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால், ஓரிரு கிராம் தூளே ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் பரப்புக்கு வரும். வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ள இவ்வளவு சுவர் வேறெதில் கிடைக்கும்?

வெற்றிடத்தின் ஓரமாக மின்சாரம்

இவ்வளவும் இருந்தும் ஒரு தடங்கல். வாயு உள்ளே வந்துவிட்டது. வந்ததை நமக்கு யார் சொல்வது? மின்சாரம் ஓடும் பொருளாக இருந்தால், வாயு புகுந்ததும் ஓட்டம் மாறும், அளந்து அறியலாம். ஆனால் பெரும்பாலான உலோக-சேதனச் சட்டகங்கள் மின்சாரத்தைக் கடத்தாதவை. காரணம் விளங்கக் கூடியதே. மின்சாரம் என்பது இலத்திரன்களின் ஓட்டம். ஓடுவதற்குத் தொடர்ச்சியான பாதை வேணும். சட்டகத்தின் பெரும்பகுதி வெற்றிடம். மிச்சமிருக்கும் கம்பிலும் கட்டிலும் இலத்திரன்கள் அந்தந்த இடத்தோடு இறுகப் பிடிபட்டிருக்கின்றன. கட்டிலிருந்து கம்புக்குத் தாவ அவற்றால் முடிவதில்லை. துளையும் வேணும், கடத்தவும் வேணும் என்பது ஒன்றுக்கொன்று பகையான இரண்டு ஆசைகள்.

இந்தப் பகையைத் தீர்த்தது கம்பைத் தெரிவு செய்த விதம். தட்டையான, இலத்திரன்கள் ஓரிடத்தில் நில்லாமல் முழு மூலக்கூறிலும் பரந்து கிடக்கிற சேதனக் கம்புகளை எடுத்தார்கள். அவற்றின் ஓரத்தில் இருக்கும் நைதரசனோ ஒட்சிசனோ செம்பு, நிக்கல் போன்ற உலோகத்தோடு சேரும்போது இலத்திரன்களும் கலந்துகொள்கின்றன. கிடைப்பது தேனடை போன்ற அறுகோணக் கண்களுள்ள தகடு. தகடுகள் பாய்களை அடுக்கினது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுங்க, கண்ணுக்கு நேரே கண் வந்து நீண்ட சுரங்கங்கள் உண்டாகின்றன. சுரங்கத்தின் அகலம் இரண்டு நனோமீற்றர் அளவில். ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. வாயு சுரங்கத்தால் போகிறது. இலத்திரன் சுரங்கத்தின் சுவரால் போகிறது.

இத்தகைய கடத்தும் தேனடைகளை யாகியின் குழு 2012இல் வெளியிட்டது. 2014இல் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மிர்ச்சா டின்க்காவின் குழு செய்த நிக்கல் தேனடை, படலமாக எடுத்தபோது சென்ரிமீற்றருக்கு 40 சீமன் என்ற கடத்துதிறனைக் காட்டியது. செம்புக் கம்பிக்கு அந்த அளவு கிட்டத்தட்ட 6 இலட்சம். ஒப்பிட்டால் இது சொற்பம்தான். ஆனால் நமக்கு வேண்டியது வயர் இல்லையே. வாயு பட்டதும் மாறுகிற ஒரு கடத்தி. அதற்கு இது தாராளம்.

அடுத்த வருடம், 2015இல், அதே குழுவினர் திமோத்தி சுவேகருடன் சேர்ந்து செம்புத் தேனடையை மின்வாய்களுக்கு மேலே துளியாக விட்டுக் காயவைத்து ஓர் உணரி செய்தார்கள். சூடாக்கத் தேவையில்லை. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அமோனியாவை அது காட்டிக்கொடுத்தது. அமோனியாவை அகற்றியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உருவத்தில் அச்சொட்டாக அதே மாதிரியான நிக்கல் தேனடை அமோனியாவுக்கு அப்படி அசையவில்லை. கம்பு ஒன்று, கண்ணின் அளவு ஒன்று. கட்டின் உலோகம் மட்டும் வேறு. ஆக, வாயுவை இனங்காணும் திறமையைக் கட்டை மாற்றி நாமே கூட்டிக் குறைக்கலாம்.

மாற்றம் எப்படி நடக்கிறது? வாயு மூலக்கூறுகளில் சில இலத்திரனைக் கொடுக்கும் குணமுள்ளவை, அமோனியா அப்படி. சில பறிக்கும் குணமுள்ளவை, நைதரசனீரொட்சைட்டு அப்படி. கொடுக்கிறதோ பறிக்கிறதோ, சுவரில் ஓடித்திரியும் இலத்திரன்களின் கணக்கு மாறுகிறது. கணக்கு மாற, மின்தடை மாறுகிறது. துளையே இல்லாத கட்டியில் வாயு மேற்பரப்பை மட்டும்தான் தொடும். இங்கேயோ பொருள் முழுக்க மேற்பரப்பு.

ஒரே உணரி எல்லா வாயுவையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. வெவ்வேறு உலோகமும் கம்பும் கொண்ட சில தேனடைகளை வரிசையாக வைத்து, அவை எல்லாம் சேர்ந்து காட்டும் கோலத்தைப் படிக்கலாம். டின்க்காவும் சுவேகரும் 2015இலேயே இந்த முறையால் 16 சேதன ஆவிகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துக் காட்டினார்கள். நம் மூக்கும் இப்படித்தான். ஒரு மணத்துக்கு ஒரு நரம்பு என்று கணக்கில்லை. பல நரம்புகளின் சேர்ந்த சேதிதான் 'மல்லிகை' என்றோ 'கருவாடு' என்றோ நமக்குப் படுகிறது. 2017இல் டார்ட்மத் கல்லூரியின் கத்தரின் மிரிக்காவின் குழு இந்தத் தேனடைகளைப் பருத்தித் துணியின் நூலிலேயே வளர்த்தது. அந்தத் துணி நைத்திரிக் ஒட்சைட்டையும், முன்னே சொன்ன கூழ்முட்டை வாயுவான ஐதரசன் சல்பைட்டையும் மின்தடை மாற்றத்தால் உணர்த்தியது. குழிக்குள் இறங்கும் தொழிலாளியின் சட்டையே அவருக்கு முன்னால் மூச்சு விட்டுப் பார்க்கும் ஒரு காலத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒட்சிசன் பட்டால் மறையும் காந்தம்

மின்சாரத்தைவிட வியப்பானது காந்தம். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம் என்பது பலருக்குத் தெரியாது. சோடி சேராத இரண்டு இலத்திரன்கள் அதில் உண்டு. ஒட்சிசனைக் குளிரவைத்துத் திரவமாக்கி, பலமான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது விழாமல் அங்கேயே ஒட்டி நிற்கும். நைதரசன் அப்படி நிற்காது, ஓடிவிடும்.

ஜப்பானின் செண்டாய் நகரில் உள்ள தொஹொக்கு பல்கலைக்கழகத்து ஹிதோஷி மியாசாகாவின் குழு இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியது. 2018இல் அவர்கள் வெளியிட்ட சட்டகம் அடுக்கடுக்கானது, தானே காந்தமானது. அதற்குள் நைதரசனோ காபனீரொட்சைட்டோ புகுந்தால் அது காந்தமாகவே இருக்கும். ஒட்சிசன் புகுந்தால் மட்டும் வெளியே தெரியும் காந்தம் மறைகிறது. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் ஒட்சிசன், தன் காந்தத்தால் ஓர் அடுக்கை ஒரு திசைக்கும் அடுத்ததை எதிர்த்திசைக்கும் திருப்பிவிடுகிறது. கயிறிழுத்தலில் இரண்டு பக்கமும் சம பலமாக இழுத்தால் கயிறு அசையாது அல்லவா, அது போல. ஒட்சிசனை வெளியேற்ற, காந்தம் மீண்டும் வருகிறது.

அதே குழு 2021இல் காபனீரொட்சைட்டுக்கு இணங்கும் ஒன்றையும் அறிவித்தது. காபனீரொட்சைட்டு காந்தமில்லாத மூலக்கூறு. ஆனாலும் அது உள்ளே வந்து அமரும்போது சட்டகத்துக்குள் இலத்திரன் இருந்த இடம் மாறுகிறது. இடம் மாற, காந்தம் போகிறது. வாயு போக, காந்தம் வருகிறது. இந்தக் காந்த வேலைகள் எல்லாம் இப்போதைக்குத் திரவ நைதரசனின் குளிரை ஒத்த கடுங்குளிரில்தான் நடக்கின்றன. வீட்டுக்கு வரும் சாமான் இல்லை. ஆனால் வெறும் வாயுவைப் புகவிட்டு ஒரு காந்தத்தை அணைக்கலாம், ஏற்றலாம் என்பது மெய்ப்பட்டுவிட்டது.

இன்னும் தீராதவை

மெச்சிப் பேசுவதோடு நிறுத்தினால் நானும் வேலையை விட்டுப் பெயரைப் பிடித்தவனாகிவிடுவேன். ஆகவே குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதல் எதிரி ஈரம். காற்றில் நாம் தேடும் நச்சு வாயு பத்து இலட்சத்தில் சில பங்கு. நீராவியோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. துளைக்குள் முதலில் போய் இடம் பிடிக்கிறது அதுதான். எம்.ஓ.எப்.-5 போன்ற சில சட்டகங்கள் ஈரக்காற்றில் கட்டவிழ்ந்தே போகின்றன. காய்ந்த ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்கிற உணரி, நம் கரையோர ஊர்களின் புழுக்கத்தில் என்ன செய்யும் என்பது தனியாகச் சோதிக்க வேண்டிய கேள்வி. இரண்டாவது, புகுந்த வாயு திரும்பிப் போக வேண்டும். இறுகப் பற்றிக்கொண்டால் உணரி ஒரு தடவையோடு முடிந்தது. தளரப் பற்றினால் சிறிய அளவு தெரியாது. இந்த நடு அளவைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. மூன்றாவது, ஒரே மாதிரியான படலத்தை மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்வது.

ஈரம் எப்போதும் எதிரி என்றும் சொல்ல முடியாது. வேறொரு வகைச் சட்டகத்தைக் கொண்டு யாகியின் குழு அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் இரவுக் காற்றிலிருந்து நீராவியைப் பிடித்து, காலை வெயிலில் அதைத் தண்ணீராக எடுத்தது. உணரிக்குத் தொந்தரவான அதே குணம் அங்கே குடிதண்ணீர். தண்ணீர்க் குழாயே இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அந்த ஆய்வைத் தேர்ந்தது தற்செயல் என்று எனக்குப் படவில்லை.

ஆம், யாகி தன் சகோதரர்கள் பலரோடு ஒற்றை அறையில், மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் வளர்ந்தவர். 15 வயதில் வாப்பாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் படிக்க அமெரிக்கா போனவர். இந்த வரலாற்றையும் நம்மவர்கள் பகிர்ந்தார்கள், கண்கலங்கியும் பகிர்ந்தார்கள். அதில் ஒரு சின்ன விபரம் மட்டும் அதிகம் பேசப்படவில்லை. அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு நாள் பாடசாலை நூலகத்துக்குள் யாருக்கும் தெரியாமல் நுழைந்தார். கைக்குக் கிடைத்த ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்தார். விளங்காத, ஆனால் கண்ணைப் பிடித்து நிறுத்துகிற படங்கள். அவை மூலக்கூறுகளின் உருவங்கள். இரசாயனவியலோடு அவருக்கு ஏற்பட்ட முதல் சந்திப்பு அதுதான்.

யாருக்கும் தெரியாமல் ஏன் நுழைய வேண்டியிருந்தது என்றால், அந்த நூலகம் வழமையாகப் பூட்டிக் கிடப்பது. நம் ஊர்ப் பாடசாலைகளிலும் நூலக அறை இருக்கிறது, அலுமாரி இருக்கிறது, புத்தகமும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வருடம் இன்னொரு பெயரைக் கேட்டு நாம் சந்தோசப்படுவதற்கு முன்னால், அந்த அறையின் திறப்பு யார் கையில் இருக்கிறது, கிழமைக்கு எத்தனை நாள் அது திறக்கப்படுகிறது என்று பெற்றோரும் ஆசிரியர்களுமாகப் போய்ப் பார்த்தால் நல்லது.